சூடு ஆறினால் கிளம்பும்

தேவஇரக்கம் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் வேலை பார்த்த நூல் மில்லில் ஒரு பேச்சு உலவியது. அந்த வண்டி பெட்ரோலில் ஓடவில்லையாம், தேவ இரக்கத்தில் ஓடுகிறதாம். முதலில் அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வண்டி நடுரோட்டில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சின் ருசி மாறிப்போனது.

ராஜபாளையத்தில் மில்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றில் அவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். பஞ்சு உள்ளே போய் நூலாக வெளியே வருவதற்குள் எத்தனை மிஷின் உண்டோ அத்தனையின் நோவும் அவருக்கு அத்துபடி என்று பெயர். மிஷின் நின்றால் ஆட்கள் வந்து கூப்பிடுவார்கள். அவர் மெதுவாக நடந்து போவார். உள்ளங்கையை மிஷின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு “பேரிங்” என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்காகத்தான் இருக்கும். மில்லில் எது நின்றாலும் பெரும்பாலும் பேரிங்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியும். கண்ணை மூடுவது பார்க்கிறவர்களுக்காக. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாளாக ஆக, தன்னிடமே சொல்லிக்கொள்வதையும் நிறுத்திவிட்டார். உண்மையிலேயே தன் கைக்கு ஏதோ தெரிகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

கார் ஒரு கண் டாக்டரிடமிருந்து வந்தது. பழையதுதான், ஆனால் பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி. வாங்கிய வாரமே தேவஇரக்கம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துடைத்தார். அவர் மனைவி ஜெயசித்ரா காபி கொண்டுவந்து கொடுத்தபோது, டாக்டருக்குக் கண்ணைத் தவிர வேறொன்றும் பார்க்கத் தெரியாது, உள்ளே எல்லாம் தாறுமாறாகத் தொங்கிக்கொண்டு கிடந்தது, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

முதல்முறை அது நின்றது பிளவக்கல் அணைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில். வத்திராயிருப்பு தாண்டி, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, உச்சி வெயில். இருமல் இல்லை, திணறல் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் மூச்சை நிறுத்திக்கொண்டதுபோல எஞ்சின் சட்டென்று அமர்ந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. தேவஇரக்கம் இறங்கி, பானெட்டைத் திறந்து, பழக்க தோஷத்தில் கையை வைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டார். பேட்டரி முனையில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுரண்டினார், துடைத்தார், இறுக்கினார். ஸ்பானரைத் தேடியெடுத்து இதையெல்லாம் செய்து முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். சாவியைத் திருப்பினார், கிளம்பிவிட்டது. ஊர் வந்து சேரும் வரைக்கும் பேட்டரி முனைகளைப் பற்றியே ஜெயசித்ராவுக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை தளவாய்புரத்தில். ஜெயசித்ரா வீட்டில் தையல் மிஷின் போட்டு அந்த ஊர் நைட்டிக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவள். துணிக்கட்டுகளை எடுக்கப் போயிருந்தார்கள். கட்டுகள் வந்து சேரும் வரை அவர் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஏற்றிக்கொண்டு கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இந்தத் தடவை அவர் பெட்ரோல் டேங்கின் மூடியைச் சந்தேகப்பட்டார். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் பெட்ரோல் எப்படி வரும்? மூடியைக் கழற்றி, ஊதி, பல்குத்தும் குச்சியால் அதன் துளையைக் குடைந்து, மறுபடி ஊதி, திரும்ப மாட்டினார். வண்டி கிளம்பியது. அவர் வாயில் நாள் முழுக்க பெட்ரோல் வாடை அடித்தது.

மூன்றாவது தடவை அய்யனார் கோவில் அருவிக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது. அன்றைக்கு ஸ்பார்க் பிளக். நாலையும் கழற்றி, துடைத்து, மாட்டினார். அப்போதும் வண்டி கிளம்பியது.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது ஜெயசித்ரா சொன்னாள்.

“ஏங்க, அது நின்னதும் நீங்க எதையாச்சும் கழத்தி மாட்டுதிய. செத்த நேரம் கழிச்சு கிளம்பிருது. ஒரு தடவையாச்சும் ஒண்ணுமே செய்யாம சும்மா உக்காந்து பாருங்களேன்.”

சும்மா உட்கார்ந்தால் ஓடுவதற்கு மிஷின் என்ன மாட்டுவண்டியா என்று கேட்டார் தேவஇரக்கம். இது மாதிரி யோசனைகளைக் கேட்டால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் பாட்டுக்கு ரசத்தை ஊற்றினாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கதையில் வருகிற காக்கை தான்தான் என்று எந்தக் காக்கைக்கும் தோன்றுவதில்லை.

என்றாலும் மனதுக்குள் உறுத்தல் இருந்தது. பழக்கமுள்ள மெக்கானிக் சிவபாண்டியிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். சிவபாண்டி சந்தேகமே இல்லாமல் பெட்ரோல் பம்ப்தான் என்று அடித்துச் சொன்னான். தேவஇரக்கமும் இரண்டு தடவை தலையை ஆட்டி, தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னார். புதுப் பம்ப் மாட்டினார்கள். அதற்குப் பிறகு வண்டி நிற்கவேயில்லை. மழைக்காலம் முழுவதும், குளிர் முடிகிற வரைக்கும், மார்க்கெட்டுக்கும் மில்லுக்கும் ஆலயத்துக்கும் கன்றுக்குட்டிபோல ஓடியது. ஜெயசித்ராவிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லிக் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா தங்கபாயின் மகள் அக்சாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அக்சாவின் அப்பா கொரோனா வருஷத்தில் தவறிப்போனவர். தங்கபாய் உள்ளூரிலேயே பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையலைக் கவனித்துக்கொண்டு மகளைப் படிக்கவைத்தாள். மாப்பிள்ளை ஜெபின் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கல்யாணமும் அங்கே மாப்பிள்ளை வீட்டுச் சபையில்தான். அப்பா இல்லாத பெண்ணைக் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் நடத்திக்கொண்டு போக வேண்டியவர் தாய்மாமன். அதில் யாருக்கும் மறுபேச்சில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பெண் போவதற்குத் தங்கபாய் ஒரு வாடகைக் காருக்குச் சொல்லிவைத்திருந்தாள். தேவஇரக்கத்துக்கு அது பொறுக்கவில்லை. தாய்மாமன் வீட்டில் வண்டி நிற்கும்போது அக்சா வாடகைக் காரில் போனால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். தங்கபாய் தயங்கினாள். வண்டி அங்கங்கே நின்றுபோனதை ஜெயசித்ரா அவளிடம் சொல்லியிருந்தாள்போல.

“தம்பி, உன் வண்டி வழியில நின்னுராதுல்லா?” என்று மட்டும் கேட்டாள்.

“எக்கா, பம்பு மாத்தியாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன, அமெரிக்காவா? ஒரு பாட்டுப் பாடி முடிக்கதுக்குள்ள போயிரலாம்.”

வாடகைக் காரை அவரே போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னார்.

கல்யாணத்தன்று காலையில் வண்டி மல்லிகைச் சரமும் ரோஜாவுமாகத் தங்கபாய் வீட்டு வாசலில் நின்றது. உறவுக்காரர்கள் எல்லாம் வேன்களில் ஏறி முன்னாலேயே போய்விட்டார்கள். பெண் மட்டும் கிளம்பவில்லை. போட்டோக்காரன் அவளை வாசற்படியில் நிற்கவைத்தான், மாடிப்படியில் நிற்கவைத்தான், கண்ணாடியைப் பார்க்கவைத்தான், ஜன்னலைப் பார்க்கவைத்தான். அந்தக் கோடை வெயிலில், வெள்ளைப் பட்டுச் சேலையில் பெண் வேர்த்துவிடக்கூடாதே என்று தேவஇரக்கம் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, வண்டியைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்தால் ஊட்டி மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உள்ளே ஊட்டியாகத்தான் இருந்தது. பானெட்டுக்குக் கீழே என்னவாக இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

ஒருவழியாக ஏறினார்கள். பின்சீட்டில் அக்சாவும் தங்கபாயும், முன்னால் ஜெயசித்ரா. தங்கபாய் ஒரு சின்ன ஜெபம் பண்ணினாள். தேவஇரக்கம் புது வேட்டியின் கரை மடங்காமல் கவனமாக உட்கார்ந்து வண்டியை எடுத்தார். மொட்டமலை வரைக்கும் எல்லாம் அமர்க்களம். எதிரே வந்த வண்டிக்காரர்கள் பூவைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள், இவரும் அடித்தார். மொட்டமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஹார்ன் மட்டும் கேட்டது, எஞ்சின் கேட்கவில்லை.

வண்டியை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டிக்குள் யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்கி பானெட்டைத் திறந்தார். பூச்சரம் அறுந்து காலடியில் விழுந்தது. முதலில் பேட்டரி முனையை அசைத்தார். பிறகு பெட்ரோல் மூடியைக் கழற்றி ஊதினார், கல்யாண வேட்டியோடு. பிளக்கைக் கழற்ற ஸ்பானர் இல்லை. டிக்கியில் பழத்தட்டுகள் வைக்க இடம் வேண்டுமென்று அவரேதான் டூல் பையை வீட்டில் இறக்கி வைத்திருந்தார். அதற்குள் ரோட்டில் போன நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மொட்டமலை பட்டாலியன் முகாமின் போலீஸ்காரர் ஒருவர் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றார். இளநீர் விற்கிறவர் தண்ணி ஊற்றச் சொன்னார். கரும்பு டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தவர், பூவை வடக்குப் பார்த்துக் கட்டினால் இப்படித்தான் என்றார். தேவஇரக்கம் எல்லாரையும் ஒரு ஃபோர்மேனுக்கு உரிய பொறுமையோடு பார்த்துவிட்டு, உள்ளங்கையை எஞ்சின் பக்கம் கொண்டுபோய், கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. இரும்பு கொதிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

முன்னால் போன வேனைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்று ஜெயசித்ரா போன் போட்டாள். ஆலயத்தில் பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. பின்கதவு திறந்தது. அக்சா சேலையைக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“மாமா, பஸ் வருது,” என்றாள்.

திரும்பிப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கல்யாணப்பெண் டவுன் பஸ்ஸிலா என்று அவர் வாயெடுப்பதற்குள் அவள் ரோட்டோரத்துக்கு நடந்து கையைக் காட்டிவிட்டாள். தலையில் வெள்ளை வலை முக்காடும் கையில் பூச்செண்டுமாக ஒருத்தி கையைக் காட்டினால் எந்த டிரைவர்தான் நிறுத்தமாட்டார்? பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்ததில் பஸ் லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிந்தது.

தங்கபாய் ஏறினாள். ஜெயசித்ரா பழத்தட்டுகளை இரண்டு பேர் கையில் கொடுத்து ஏற்றினாள். அக்சா படியில் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நீங்களும் வாங்க மாமா.”

அந்த இடத்தில் தான் சொன்னதை தேவஇரக்கம் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறார். வண்டியை அப்படியே பூட்டிவிட்டு ஏறியிருக்கலாம். அதை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது, ஓட்டிக்கொண்டு போயிருக்கவும் முடியாது. ஆனால் சுற்றி நின்ற நாலைந்து பேர் முன்னால், திறந்து கிடந்த பானெட்டுக்கு முன்னால், தோற்றுப்போய் பஸ் ஏற அவருக்கு மனம் வரவில்லை.

“நீ போம்மா. அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவேன். பஸ்ஸுக்குப் பின்னாலயே வாரேன்.”

அக்சா உள்ளே போனாள். பஸ் கிளம்பியது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் கல்யாணப்பெண்ணும் இலவசமாகத்தான் போனாள் என்று ஜெயசித்ரா பிற்பாடு சொன்னாள். முன்சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். டிரைவர் வழக்கமான நிறுத்தத்துக்கு முன்பே ஆலய வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாராம்.

பஸ் போனதும் வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்துவிட்டார்கள். பெண் இல்லாத கல்யாண வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது? தேவஇரக்கம் மறுபடி பேட்டரியிலிருந்து தொடங்கினார். ஒரு ஃபியூஸை உருவி, பார்த்து, திரும்பச் சொருகினார். ஒரு குழாயைத் தட்டினார். செல்ஃபை அடித்து அடித்து அதுவும் முனகத் தொடங்கியது. பேட்டரியும் தீர்ந்துவிட்டால் தள்ளக்கூட ஆளில்லை என்ற பயத்தில் கையை எடுத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவருக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். எங்கிருந்தோ வந்த ஓர் ஆடு பம்பரில் தொங்கிய ரோஜாவைத் தின்றது. விரட்டத் தோன்றவில்லை. மேற்கே மலைமேல் மேகம் கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனது ஆலய வாசலில் நின்றது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. ஆடு பூவை முடித்துவிட்டுப் போயிருந்தது. சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்று உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார்.

பொட்டென்று கிளம்பிவிட்டது.

தேவஇரக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பேட்டரியைச் சுரண்டவில்லை. மூடியை ஊதி வெகுநேரமாகிவிட்டது. பிளக்கைத் தொடவில்லை. அவர் செய்ததெல்லாம் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். பிளவக்கல், தளவாய்புரம், அய்யனார் கோவில் மூன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தன. மூன்று தடவையும் வண்டியைக் கிளப்பியது அவர் கை இல்லை. அவர் நோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது பாட்டுக்கு ஆறியிருக்கிறது. சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது. மழைக்காலத்தில் நிற்காததற்குப் புதுப் பம்ப் காரணமில்லை, மழைதான் காரணம். ஜெயசித்ரா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னது இதுதானே?

அவருக்கு அடக்கமுடியாத சந்தோஷம் வந்தது. ஒரு கோளாறின் வால் கையில் கிடைத்துவிட்டால் எந்த ஃபோர்மேனுக்கும் வருகிற சந்தோஷம். “கண்டுபிடிச்சிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். காலி வண்டிக்குள் தன் குரலைக் கேட்டதும்தான் எங்கே போகக் கிளம்பினோம் என்பது உறைத்தது.

ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, முட்டை ஏற்றிப் போகிறவர்போல ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆலயத்துக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார். திருமண உடன்படிக்கையெல்லாம் முடிந்திருந்தது. அக்சாவும் ஜெபினும் பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் இவருடைய கையைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். இரண்டு கைகளும் கரியாக இருந்தன. வேட்டியில் மூன்று விரல் தடம் பதிந்திருந்தது. முன்வரிசையில் அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது. அதுவரை நடந்து போக அவருக்குக் கால் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்து போட்டோவுக்கு நின்றபோது, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவரைத் தேடிக்கொண்டு தங்கபாய் வந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நிமிர்ந்து நின்றார். அவள் அவருடைய வேட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“ஏலே, உனக்காவச் செத்த நேரம் பாத்தோம். பாதிரி அய்யர் நேரமாகுதுன்னாவ. இவ என் கையப் புடிச்சா. நீங்க வாங்கம்மான்னா.” அவள் ஆலய வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாவ.”

தேவஇரக்கம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கேட்கவிடவில்லை.

“நீ வந்திருந்தா நான் முன்னால உக்காந்துக்கிட்டுத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். வராததே நல்லதாப் போச்சு.”

அவள் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவள் அப்படி முகம் நிறைந்து இருந்து அவர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவருக்கு அழுகை வரும்போலவும் இருந்தது, சிரிப்பு வரும்போலவும் இருந்தது. காலையிலிருந்து அவர் செய்த உருப்படியான காரியங்கள் இரண்டு. ஒன்று, பாலத்துச் சுவரில் சும்மா இருந்தது. இன்னொன்று, ஆலயத்துக்கு வராமல் இருந்தது. இரண்டையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

கல்யாண அலுப்புத் தீர்ந்ததும் வண்டியை மறுபடி சிவபாண்டியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். பஸ்ஸின் படியில் நின்று அக்சா கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருந்ததால், பம்பை மாற்றச் சொன்ன சிவபாண்டியைத் திட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தானும் தலையை ஆட்டியவர்தானே? இந்தத் தடவை எதையும் கழற்றக்கூடாது, முதலில் வண்டி நிற்கட்டும் என்றார். சிவபாண்டி விநோதமாகப் பார்த்தான். இருவரும் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜெயசித்ராவும் கூட வந்திருந்தாள். திரும்பும்போது நூல்கண்டு வாங்கவேண்டும் என்று சொன்னாள். அது சாக்கு என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்தபடி தேவஇரக்கம் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த முட்களைப் பார்த்தார். எஞ்சினின் சுற்றைக் காட்டும் முள் செத்துக் கிடந்தது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுற்றத்தானே செய்கிறது, முள் கொஞ்சமாவது துடிக்க வேண்டாமா? சிவபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் எட்டிப் பார்த்து, ஒரு நிமிஷம் யோசித்து, “அப்போ கிராங்க் சென்சாரு, அண்ணாச்சி” என்றான். எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சின்னப் பொருள் அது. அதனிடமிருந்து தகவல் வராவிட்டால், எஞ்சின் சுற்றவேயில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் நிறுத்திவிடும், பிளக்கின் நெருப்பையும் நிறுத்திவிடும். சிவபாண்டி கீழே படுத்து டார்ச் அடித்தான். தேவஇரக்கம் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல அந்தப் பக்கமாக ஊற்றினார். ஆவி பறந்தது. மறுபடி திருப்பினார். முள் துடித்தது, வண்டி கிளம்பியது.

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷம் சிவபாண்டி மறுபடி கீழே போய், சென்சாரிலிருந்து வரும் வயரை இழுத்துப் பார்க்கும் வரை நீடித்தது.

“அண்ணாச்சி, சென்சாரு நல்லாத்தான் இருக்கு. வயருதான் போச்சு. எந்த மடப்பயலோ இத சைலன்சர் குழாயோட சேத்து வரிஞ்சு கட்டியிருக்கான். சூட்டுல வெந்து, உள்ள இத்துப் போயிருக்கு. சூடானா விட்டுருது, ஆறினா ஒட்டிக்கிடுது.”

“அப்படிப்பட்ட ஆளையெல்லாம் வண்டியத் தொடவே விடக்கூடாது,” என்றார் தேவஇரக்கம். அந்த முட்டாளைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருக்கும்போது சிவபாண்டி கட்டை அறுத்து வெளியே நீட்டினான். பழுப்பேறிப்போன பருத்தி நாடா. நூல் மில்லில் நூல் நூற்கும் கதிர்களைச் சுழலவைக்கும் ஸ்பிண்டில் டேப். ராஜபாளையத்தில் அதை அடையாளம் தெரியாதவர் குறைவு.

சிவபாண்டி நாடாவைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான், பிறகு நாகரிகமாக ஸ்பானரைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டான். ஜெயசித்ரா போகவில்லை. அவள் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வண்டி வாங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, காபி, தொங்கிக்கொண்டிருந்த வயரை அழகாக ஒதுக்கிக் கட்டியது எல்லாம் தேவஇரக்கத்தின் கண்முன் வந்தது. டாக்டர் தொங்கவிட்டிருந்த வயர் தொங்கத்தான் வேண்டியிருந்திருக்கிறது.

“சிரிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லு, நூல்கண்டு வாங்கப் போவோம்,” என்றார். வீடு போய்ச் சேரும் வரை அவள் முடிக்கவில்லை. பாதி வழியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் ஜெபின் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்தது. அக்சா வாசலுக்கே வந்து, பஸ்ஸில் வந்தீர்களா, காரில் வந்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள். சாப்பாடு முடிந்து பால்கோவாக் கிண்ணத்தோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, ஜெபினின் அப்பா பெலிக்ஸ் வெளியூரிலிருந்து வந்திருந்த தன் சிநேகிதர் ஒருவருக்குக் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மருமகள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதைச் சொன்னபோது சிநேகிதர் சிரித்துப் புரையேறினார். வண்டியில் அப்படி என்ன கோளாறு என்று அவர் கேட்டார். பெலிக்ஸ் மரியாதைக்காகப் பேச்சை மாற்றப் பார்த்தார். ஜெயசித்ரா மாற்றவிடவில்லை. அவளே சொன்னாள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ஒன்றுவிடாமல். ஸ்பிண்டில் டேப்பை எடுத்து ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டதைக் கையால் செய்துகாட்டினாள். தங்கபாய் சிரிப்பில் பால்கோவாவைக் கீழே சிந்தினாள்.

தேவஇரக்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டு சுத்து இல்ல, மூணு,” என்றார். “ரெண்டு சுத்து சுத்துனா கட்டு நிக்காது.”